ஆறு அசன வாளிகள்

ஏப்ரல் 19

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து நான்கு நாள் ஆகிறது. இன்று பியூலா அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீடு என்றால் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஞானாபரணம் ஐயா இந்த ஊர்ச் சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார். ஒரு பக்கம் அவர் வீடு, மறுபக்கம் சபையின் கோயில். கோயிலை ஒட்டி, சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குச் சமைக்கும் அண்டாக்களும் வாளிகளும் வைக்கும் அறை. அக்கா ஆராய்ச்சி செய்யும் ஆட்டுப் பண்ணை அரை மைல் தூரத்தில் இருக்கிறது.

அக்கா உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். மூன்றாம் வருடம் ஆட்டுக்கொள்ளை நோய் வந்து அவளுடைய பதினெட்டு ஆடுகளும் செத்துப்போயின. அதன்பின் இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கிவிட்டாள். இனிமேல் கிடையாதாம். ஜூன் 13-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். பாக்கி ஒரே ஓர் அத்தியாயம். அதற்கு ஆறு ஆடுகளும் ஒரு கோடை வெயிலும் போதும் என்கிறாள்.

பண்ணைப் பதிவேட்டை நான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். அது வேறு, இந்த நாட்குறிப்பு வேறு. இதில் நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுவேன்.

ஏப்ரல் 21

அக்காவின் நோட்டைப் படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். குடலின் சுவர் நல்ல நிலையில் இருந்தால் உணவுச் சத்தை மட்டும் உள்ளே விடும். கடும் வெயிலில் ஆட்டின் குடற்சுவர் இளகி, விடக்கூடாததையும் விட்டுவிடும் என்று ஓர் ஊகம். வயிற்றைக் கிழிக்காமல் அதை எப்படி அறிவது? குரோமியம் என்ற உலோகத்தை இன்னொரு வேதிப்பொருளோடு பிணைத்து ஒரு கரைசல் செய்கிறார்கள். நல்ல குடல் அதை அநேகமாக உறிஞ்சாது, புழுக்கையோடு போய்விடும். சுவர் கசிந்தால் மட்டும் அது ரத்தத்துக்குள் புகுந்து சிறுநீரில் வரும். ஆகவே கரைசல் கொடுத்தபின் மூன்று நாள் முழுக்க ஆடு பெய்யும் சிறுநீரைச் சொட்டு விடாமல் பிடித்து, அதில் எவ்வளவு குரோமியம் என்று பார்த்தால் குடலில் எவ்வளவு கசிவு என்று தெரிந்துவிடும்.

முதலில் நிழலில் ஒரு முறை, பிறகு அதே ஆடுகளை அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகையில் கட்டி இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அக்காவின் கடைசி அத்தியாயம்.

எவ்வளவு அழகான யோசனை! ஆட்டுக்கு வலியே இல்லை.

ஏப்ரல் 24

நிழல் சோதனை. ஆறும் கன்னி என்ற இனத்துக் கிடாய்கள், கறுப்பில் வெள்ளைக் கோடு. காது வில்லை எண் 11 முதல் 16 வரை. பண்ணையாள் சங்கரபாண்டி அண்ணாச்சி தாடையைப் பிடிக்க, அக்கா கரைசலைப் புகட்டினாள். நாவற்பழச் சாறு மாதிரி நிறம். 14 பாதியை அண்ணாச்சியின் சட்டையில் துப்பிவிட்டது. அதற்கு மட்டும் நாளை மறுபடி.

"எம்மா, சட்டையில உள்ளதையும் பிழிஞ்சி கணக்குல சேத்துக்கிடுவியளோ?" என்று அண்ணாச்சி கேட்டார். அக்கா சிரித்து நான் இன்றுதான் பார்த்தேன்.

மரக்கூண்டுக்கு அடியில் புனல், புனலுக்கு அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். கேனில் முன்கூட்டியே கொஞ்சம் ஆசிட் ஊற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீர் கெட்டுவிடும்.

மே 4

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. கொட்டகைக்குள் 43 டிகிரி. அக்காவைத் தவிர எல்லோரும் வெயிலைத் திட்டுகிறார்கள்.

மே 8

அக்காவுக்கு அம்மை போட்டிருக்கிறது. முகமெல்லாம் முத்து. எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே வந்து போய்விட்டதால் பயமில்லை. ஆனாலும் அவள் என்னை அறைக்குள் விடவில்லை. நான் சமையற்கட்டில் படுக்கிறேன். ஜன்னல் வழியாகப் பேசுகிறோம்.

"ஏட்டி ஹெப்சி, தள்ளிவைக்க முடியாதுட்டி. இருபத்தெட்டாந் தேதியோட வெயிலு போயிரும். நீயும் அண்ணாச்சியும் செஞ்சிருவியளா?"

"செஞ்சிருவோம்க்கா."

"நோட்டுல ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். அதுல உள்ளபடி செய்யி. அதுல இல்லாதத செய்யாத."

மே 10

நாளை தொடங்குகிறோம். கேன்களை மிக நன்றாகக் கழுவிவைத்துவிட்டேன். நோட்டை இரண்டு முறை படித்தேன்.

மே 11, ஞாயிறு

நீண்ட நாள். வரிசையாக எழுதுகிறேன்.

இன்று கரைசல் கொடுப்பதற்கு முந்தைய நாள். கொடுக்காதபோது சிறுநீர் எப்படி இருக்கிறது என்று தெரிய, இன்றைக்கும் முழு நாள் பிடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கேன்களை வைக்கப் போனால், ஆறில் நான்கின் அடியில் விரிசல். தண்ணீர் ஊற்றினால் ஒழுகுகிறது. மட்டமான பிளாஸ்டிக் போலும். ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. ஆடுகள் கூண்டில் ஏறிவிட்டன.

அண்ணாச்சி மூலையில் கிடந்த பெயிண்ட் டப்பாக்களைக் காட்டினார். உள்ளே பச்சைப் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு அதையா வைப்பது? எனக்குச் சுத்தமான பாத்திரம் வேண்டும்.

வீட்டுக்கு ஓடினேன். அசனச் சாமான் அறை திறந்திருந்தது. எல்லோரும் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, எவர்சில்வர், முகம் தெரிகிற பளபளப்பு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஆறு எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டு மூத்திரத்துக்கு என்று எப்படிக் கேட்பது? திரும்பக் கழுவி வைத்துவிடலாம்.

அண்ணாச்சி பார்த்துவிட்டு, "அடி ஆத்தே, ஆடு மோளுததுக்குப் பந்தி வாளியா? ஏல, கிடாய்ங்களா, உங்களுக்கு வந்த வாழ்வப் பாத்தியளால! அடுத்தால எலயும் போட்டுருவோமா?" என்றார்.

"சும்மா இரிங்க அண்ணாச்சி. அக்காகிட்ட சொல்லிராதிய."

"நான் என்னத்துக்குச் சொல்லுதேன்."

ஜன்னல் வழியாக அக்கா கேட்டாள்: "ஆசிட் ஊத்துனியா? மூத்திரம் அளந்தியா? தண்ணி எவ்வளவு குடிச்சுது?" எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன்.

மே 12

கரைசல் கொடுத்தாயிற்று. 14 இந்த முறை துப்பவில்லை. இன்று டவுனில் கடை திறந்திருக்கும், புதுக் கேன் வாங்கலாம். யோசித்துப் பார்த்தேன். நேற்று ஒரு பாத்திரம், இன்று வேறு பாத்திரம் என்றால் ஆராய்ச்சி சீராக இருக்காது. அதனால் வாளிகளையே தொடர்ந்தேன்.

மே 15

முடிந்தது. மொத்தம் நான்கு நாள். ஒவ்வோர் ஆட்டின் சிறுநீரிலும் பத்தில் ஒரு பங்கு குப்பியில் அடைத்து, பேர் ஒட்டி, சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டோம். அக்கா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் விரலைத் தொட்டாள். "நீ இல்லைன்னா நான் செத்தேன்ட்டி."

வாளிகளின் உட்புறம் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆராதனை இல்லாத நேரமாகப் பார்த்து அடுக்கின் அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 16

ரிசல்ட். அறிவியலில் நூற்றுக்கு நூறு. மொத்தம் 483. அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினாள்.

மே 28

அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று. அதே நாளில் ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. நிழலில், கொடுத்த குரோமியத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் சிறுநீரில் வந்திருக்கிறது. வெயிலில் பதினான்கு. ஏழு மடங்கு!

அக்காவின் ஆய்வு வழிகாட்டி நல்லபெருமாள் சார் போனில் பேசினது எனக்கே கேட்டது. "ஊர் உலகத்துல ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னுதாம்மா சொல்லியிருக்கான். ஏழுன்னா பெரிய விஷயம். உடனே எழுது."

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். தழும்புகளின் மேல் கண்ணீர் ஓடிற்று. பிறகு என்னையும் இழுத்து முழங்காலில் நிறுத்தி ஜெபம் பண்ணினாள். அவள் ஜெபம் பண்ணி நான் பார்த்து வெகுநாளாகிறது.

மே 31

அக்கா நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறாள். நான் சமைக்கிறேன், அட்டவணைகளைச் சரிபார்க்கிறேன். நன்றியுரையில் என் பேர் இருக்கிறது: "என் தங்கை ஹெப்சிபாவின் கவனமான உழைப்பு இல்லையேல்." நான்கு முறை வாசித்துவிட்டேன்.

ஜூன் 3

ஆய்வகத்தின் இரண்டாம் தாள் வந்தது. கரைசல் கொடுப்பதற்கு முந்தைய நாள்களின் சிறுநீரைக் கடைசியில்தான் பார்த்திருக்கிறார்கள். நிழல் சோதனைக்கு முந்தைய நாள்: ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெயில் சோதனைக்கு முந்தைய நாள், மே 11: மூன்று நாளுக்குப் பெருக்கினால், மறுநாள் கொடுத்த அளவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு.

"குடுக்கவே இல்ல. குடுக்காத குரோமியம் எங்க இருந்துட்டி வந்துச்சு?" அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தீவனத்துல இருக்குமோ? கூண்டு ஆணியில இருந்து வருதோ?"

நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று என் அறிவியல் விடைத்தாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. உலோகக் கலவைகள், அட்டவணை, ஐந்து மதிப்பெண். துருப்பிடிக்காத எஃகு, அதாவது எவர்சில்வர்: இரும்பு, கார்பன், நிக்கல், குரோமியம். பயன்: சமையல் பாத்திரங்கள்.

தோசை கருகிவிட்டது. அக்கா திட்டவில்லை.

ஜூன் 4

அமிலமும் எஃகும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரியும். அந்த மங்கலை நான் கையால் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்.

கழித்துப் பார்க்கலாமே என்று தோன்றிற்று. கரைசல் கொடுத்த நாள்களின் அளவிலிருந்து மே 11-இன் அளவை மூன்று நாளுக்குப் பெருக்கிக் கழித்தால் வாளியின் குரோமியம் போய் ஆட்டின் குரோமியம் மட்டும் மிஞ்சும். ஆறு ஆட்டுக்கும் போட்டேன். 11-க்கு மூன்று. 12-க்கு ஏழு. 13-க்கு ஒன்று. 15-க்கு நான்கு. 14-க்கும் 16-க்கும் பூஜ்யத்துக்குக் கீழே. ஒன்றுமே இல்லாததற்கும் கீழே ஓர் ஆடு எப்படிச் சிறுநீர் பெய்யும்? வாளிக்கு வாளி, நாளுக்கு நாள் அரிப்பு வேறு. எதையும் பிரித்தெடுக்க முடியாது.

வெயிலில் குடல் கசிந்ததா என்று இப்போது யாருக்கும் தெரியாது. கசிந்தும் இருக்கலாம்.

ஜூன் 5

நல்லபெருமாள் சார் போனில் சொன்னாராம்: "அந்த முந்தின நாள் மாதிரிகளில் ஏதோ மாசு கலந்துடுச்சுன்னு ஒரு வரி போட்டு விட்டுடும்மா. தேர்வாளர் அதையெல்லாம் தோண்ட மாட்டார்." அக்கா பண்ணைக்குப் போய்த் தீவன மூட்டைகளை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாள்.

வாளியைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 6

இன்றும் சொல்லவில்லை.

மே 10-ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். அக்காவின் நோட்டில் கேன்களைக் குளிர்ந்த நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும் என்று இருந்தது. நான் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கிருமி சாகட்டும் என்று கொட்டகையின் தகரத்தின் மேலேயே நாள் முழுக்கக் காயவைத்தேன். பிளாஸ்டிக் மட்டமானதில்லை.

ஜூன் 7

சொல்லிவிட்டேன்.

அக்கா ஆய்வேட்டின் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே, "அக்கா, நான் கேன் வைக்கல. எவர்சில்வர் வாளி வச்சேன்" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"எந்த வாளி?"

"அசன வாளி."

"எத்தன நாளு?"

"நாலு நாளும்."

"ஆசிட்ட வாளியிலதான் ஊத்துனியா?"

"ஆமாக்கா."

"நாலு நாளும்?"

"நாலு நாளும்."

விண்ணப்பப் படிவம் நிரப்புகிறவள் மாதிரிதான் கேட்டாள். பிறகு எழுந்து போய்ச் சாமான் அறையிலிருந்து ஒரு வாளியை எடுத்துவந்து வாசலில் வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தாள். வெறும் தண்ணீரும் ஆசிட்டும் ஊற்றி, மூடி, வெயிலில் வைத்தாள். நாளை அதில் ஒரு குப்பி சென்னைக்குப் போகும். அதற்கு அவசியமே இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

ஜூன் 9

இன்னொரு முறை செய்ய முடியாதா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் மேற்கே காட்டினார். மலை முழுக்கக் கருமேகம். காலையிலிருந்து சாரல் காற்று. கொட்டகைக்குள் 31 டிகிரி.

"நாலு நாளக்கி வெயில எங்க போயிப் புடிக்க? இனி அடுத்த சித்திரைதாம்மா."

அடுத்த சித்திரையில் அக்காவுக்குப் பதிவு இருக்காது. ஊரில் எல்லோரும் காற்று சுகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வெளியில் கட்டிலைப் போடுகிறார்கள். நான் சமையற்கட்டின் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே படுத்தேன்.

ஜூன் 11

சென்னையிலிருந்து தகவல் வந்தது. ஆடே இல்லாத வாளித் தண்ணீரில் ஏராளமான குரோமியம்.

நல்லபெருமாள் சார் நேரிலேயே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து காப்பியைத் தொடாமல் பேசினார். "பியூலா, ஆறு வருஷம். நானும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவேன். எல்லாருடைய ஆராய்ச்சியிலயும் ஒரு வாளி இருக்கும்மா. அவங்க அதை எழுதறதில்ல, அவ்வளவுதான்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

"எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோ."

அக்கா ஆய்வேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கணம் சம்மதிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். சம்மதிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். உண்மையை மட்டும் எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்: கண்ணை மூடி, கர்த்தரிடம், அக்கா பொய் சொல்ல வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன்.

"முடியாது சார்," என்றாள்.

ஜூன் 12

கடிதம் எழுதிவிட்டாள். நான் வாசித்தேன். "சேகரித்த பாத்திரம் தவறானது. மேற்பார்வையிட வேண்டிய பொறுப்பு என்னுடையது. கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன்." அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேட்டை ஏற்க மாட்டார்கள்.

"என் பேர எழுதுக்கா. நான்தான் செஞ்சேன்னு எழுது," என்றேன்.

"ஒம் பேரு எதுக்கு? ஒன்னிய யாரு வேலைக்கு வச்சா?"

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஜூன் 13

தேதி போய்விட்டது.

ஜூன் 14

ஆடுகளைப் பொது மந்தையில் சேர்த்துவிட்டார்கள். காது வில்லை இல்லாவிட்டால் எது எதுவென்று இனி எனக்குத் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

நாளை பள்ளி திறப்பு. மாலை பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும்.

காலையில் அக்கா மூன்று நாளைக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினாள். "அடுத்த வாரம் அசனம். அந்த ஆறு வாளியில சாம்பார் ஊத்தக் கூடாதுன்னு உபதேசியார்ட்ட நீயே போயிச் சொல்லிரு."

ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். பரிசுத்தமான வாளி, கேட்காமல் எடுத்தேன், ஆட்டு மூத்திரம் பிடித்தேன், நாலு நாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இந்த நிமிடத்துக்குப் பயந்துதான் மே 11 முதல் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஞானாபரணம் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். "ஆட்டு மூத்திரமா? ஏம்மா, போன வருசம் நம்ம பெரிய அண்டாக்குள்ள நாயி ஆறு குட்டி போட்டு வச்சிருந்துச்சு. கழுவிட்டு அதுலதான சோறு வடிச்சோம்! சபையார்ட்ட சொல்லிராத என்ன."

நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"பழைய வாளிதாம்மா, எடைக்குப் போட்டுருவோம். ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? ஒனக்கு வேண்டியது பிளாஸ்டிக்குன்னா, தண்ணி பரிமாறுத நீல வாளி எங்க வீட்டுப் பரண்ல பத்து கெடக்கே. அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்பேனே."

பத்து என்றார். எனக்கு வேண்டியிருந்தது நான்கு.

திரும்பி வந்து அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. எந்த வாயால் சொல்வது?

மத்தியானம் அம்மா போன் பண்ணினாள். அக்கா யார் என்று பார்த்துவிட்டுப் போனை என் மடியில் போட்டாள். "நீயே சொல்லு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா சந்தோஷமாக இருந்தாள். "ஏட்டி, புஸ்தகத்தக் குடுத்துட்டாளா? போனே எடுக்க மாட்டேங்கா, வேலயா இருப்பான்னு விட்டுட்டேன். அப்பா கேக்காவ, பட்டம் எந்த மாசம் குடுப்பாவளாம்? எல்லாருமா மெட்ராசுக்குப் போணும்லா."

சொன்னேன். கேன், தகரம், வாளி, ஆசிட், குரோமியம், கடிதம், தேதி. அம்மாவுக்குக் குரோமியம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் நடுவில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. நான் முடித்த பிறகும் போனில் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை "அம்மா, அம்மா" என்றேன்.

"இருக்கேன்," என்றாள். பிறகு, "அவ சாப்பிட்டாளா?"

கதவைப் பார்த்தேன். பத்தடிகூட இல்லை.

"தெரியலம்மா," என்றேன்.